ஒரு பை பிளாஸ்டிக் பூதங்கள்... உலகையே விளையாட வைத்த மலிவு விலை பொம்மைகள்!

அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனிவா என்று ஒரு சின்ன ஊர். 1970-களின் தொடக்கத்தில் அந்தப் பக்கத்து மலிவு விலைக் கடை ஒன்றில் பொம்மைப் பை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. நம் ஊரில் 'எதை எடுத்தாலும் பத்து ரூபாய்' கடை இருக்கிறதே, அதுபோல அங்கே 'டைம் ஸ்டோர்' என்று பெயர். ஐந்து சென்ட், பத்து சென்ட் சாமான்கள் விற்கும் கடை.

பைக்குள் இருந்தவை, ஆசியாவில் எங்கோ அச்சில் வார்த்து மூட்டை மூட்டையாகக் கப்பலேற்றப்பட்ட ரப்பர் போன்ற பிளாஸ்டிக் உருவங்கள். 'வரலாற்றுக்கு முந்தைய மிருகங்கள்' என்று சொல்லி விற்கப்பட்டன. ஆனால் எந்த டைனோசர் புத்தகத்திலும் அந்த மிருகங்கள் இல்லை. ஒன்றுக்கு வாலில் காற்றாடி மாதிரி ஏதோ முளைத்திருந்தது. இன்னொன்று கரடி உடம்பும் அலகு வைத்த முகமுமாக நின்றது. மூன்றாவது, முதுகில் ஓடு போர்த்திய சுறாமீன் போல வாயைப் பிளந்துகொண்டிருந்தது.

அந்தப் பையை வாங்கியவர் குழந்தைக்காக மட்டும் வாங்கவில்லை. தன் விளையாட்டு மேஜைக்காகவும்தான் வாங்கினார். பெயர் கேரி கைகாக்ஸ். பின்னாளில் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்ற விளையாட்டை உருவாக்கிய இருவரில் ஒருவர்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' வெப் சீரிஸ் பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடு நினைவிருக்கும். நான்கு பையன்கள் வீட்டு நிலவறையில் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடை உருட்டி, 'டெமகார்கன்' பொம்மை மேஜைக்கு வந்ததும் அலறுவார்களே... அந்த விளையாட்டுதான் இது. அதன் பிரபலமான சில பூதங்கள் அந்தப் பிளாஸ்டிக் பையிலிருந்துதான் வந்தன.

சதுரங்கத்தின் கொள்ளுப்பேரன்

பொம்மைச் சிப்பாய்களை வைத்துப் போர் விளையாடுவது புதிதல்ல. இந்தியாவின் சதுரங்கமே நால்வகைப் படையைப் பலகையில் நிறுத்திய விளையாட்டுதான். அது பாரசீகம், அரேபியா வழியாக ஐரோப்பா போய் 'செஸ்' ஆனது. 1780-ல் ஜெர்மானியர் ஹெல்விக் அந்தச் செஸ் பலகையைப் பெரிதாக்கி மலை, ஆறு, சதுப்பு நிலம் எல்லாம் சேர்த்தார். அடுத்து பிரஷ்யாவின் ரைஸ்விட்ஸ் குடும்பத்தில் அப்பாவும் மகனும் அதை வரைபடத்தின்மேல் ஆடும் ராணுவப் பயிற்சியாகவே மாற்றினார்கள். மகன் 1824-ல் வெளியிட்ட விதிகளை பிரஷ்ய ராணுவம் தன் அதிகாரிகளுக்குப் பாடமாக வைத்தது.

அதை வீட்டு வரவேற்பறைக்குக் கொண்டுவந்தவர் 'டைம் மெஷின்' நாவலை எழுதிய ஹெச்.ஜி.வெல்ஸ். 1913-ல் அவர் எழுதிய 'லிட்டில் வார்ஸ்' என்ற சின்னப் புத்தகத்தில் ஈயச் சிப்பாய்கள், மரக்கட்டை வீடுகள், ஸ்பிரிங் வைத்த பொம்மைப் பீரங்கி ஆகியவற்றைக் கொண்டு தரையில் ஆடும் விதிகள் இருந்தன. நிஜப் போரைவிட இந்தப் பொம்மைப் போர் எவ்வளவோ மேல் என்பதுதான் வெல்ஸின் கட்சி. புத்தகம் வந்த அடுத்த ஆண்டே முதல் உலகப் போர் வெடித்தது.

அந்தக் காலத்தில் இந்த விளையாட்டுக்கு ஒரு தடை இருந்தது. பணம்! பிரிட்டனில் 'பிரிட்டன்ஸ்' நிறுவனம் 1893 முதல் உள்ளே வெற்றிடமான ஈயச் சிப்பாய்களை வார்த்து, விலையை ஓரளவு குறைத்தது. அப்படியும் ஒரு படையே சேர்க்க வேண்டுமென்றால் வசதியான வீட்டுப் பிள்ளையாக இருக்க வேண்டும்.

சீப்பு செய்தவர் செய்த சிப்பாய்கள்

அந்தத் தடையை உடைத்தது பிளாஸ்டிக். ஹங்கேரியிலிருந்து அகதியாக லண்டன் வந்த நிக்கோலஸ் கோவ் என்பவர் 1939-ல் 'ஏர்ஃபிக்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கினார். முதலில் காற்றடைத்த ரப்பர் பொம்மைகள் செய்தார். பிறகு பிளாஸ்டிக் சீப்புகள். அதற்கும் பிறகுதான் விமானம், கப்பல் மாடல்கள். 1959-லிருந்து சின்னச் சின்னப் பிளாஸ்டிக் சிப்பாய்களும் வெளிவரத் தொடங்கினர்.

கட்டைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் உயரமான இந்தச் சிப்பாய்கள், ஒரு பெட்டியில் நாற்பதுக்கும் மேல் கிடைத்தன. பள்ளிக்கூடப் பையன் தன் பாக்கெட் மணியில் ஒரு படைப்பிரிவையே வாங்க முடிந்தது. ரோமானியர், பண்டைய பிரிட்டானியர், ராபின் ஹூட்டும் அவன் கூட்டாளிகளும், அவனைத் துரத்தும் நாட்டிங்ஹாம் ஷெரீஃபின் ஆட்கள் என்று 1960-களில் பெட்டிகள் வந்துகொண்டே இருந்தன.

அதே காலத்தில்தான் பிரிட்டனில் டொனால்ட் ஃபெதர்ஸ்டோன் எழுதிய 'வார் கேம்ஸ்' (1962) வெளியானது. இரண்டாம் உலகப் போரில் டாங்கிப் படையில் இருந்தவர். பிறகு சவுத்தாம்ப்டன் கால்பந்து அணியின் பிசியோதெரபிஸ்ட். பகலில் வீரர்களின் கால் சுளுக்கைச் சரிசெய்துவிட்டு, மற்ற நேரத்தில் மேஜையில் சிப்பாய்களை நகர்த்தினார். எப்படி மேஜை அமைப்பது, எப்படிப் பகடை போடுவது என்று சாதாரண ஆட்களுக்கும் புரியும்படி எழுதினார். விதி கையில், படை பெட்டியில்! பிரிட்டனில் ஒரு தலைமுறையே இப்படித்தான் இந்த விளையாட்டுக்குள் வந்தது.

ஜெர்மனியில் 'ஹவுஸர்' என்ற நிறுவனம் 'எலாஸ்டொலின்' என்ற பெயரில் பொம்மை செய்துவந்தது. ஆரம்பத்தில் மரத்தூளும் பசையும் கலந்த கூழைக் கம்பிமேல் அப்பிச் செய்தார்கள். நம் வீட்டுக் கொலுவில் காகிதக்கூழ் பொம்மை இருக்குமே, ஏறக்குறைய அதன் தூரத்துச் சொந்தம். போருக்குப் பிறகு அவர்களும் பிளாஸ்டிக்குக்கு மாறினார்கள். நான்கு சென்டிமீட்டர் உயரத்தில், கவசம் போட்ட குதிரை வீரர்கள், கோட்டைச் சுவர் ஏறும் சிப்பாய்கள், கல் எறியும் பொறிகள் என்று இடைக்கால ஐரோப்பாவே பெட்டியில் வந்தது.

வேலை போனவர் வீட்டு நிலவறை

இந்த எலாஸ்டொலின் வீரர்கள் அட்லாண்டிக் கடலைத் தாண்டியபோதுதான் கதை திரும்பியது.

1967-ல் ஹென்றி போடன்ஸ்டெட் என்பவர், இந்தப் பொம்மைகளை வைத்து ஆடுவதற்காகவே 'சீஜ் ஆஃப் போடன்பர்க்' என்ற கோட்டை முற்றுகை விளையாட்டை உருவாக்கினார். 1968-ல் லேக் ஜெனிவாவில் கைகாக்ஸ் முன்னின்று நடத்திய முதல் 'ஜென் கான்' விளையாட்டுத் திருவிழாவில் அது ஆடப்பட்டது. பார்த்தவர்களுக்கு ஆசை தொற்றிக்கொண்டது. ஜெஃப் பெரன் என்ற இளைஞர், தன்னிடமிருந்த எலாஸ்டொலின் வீரர்களுக்காக நான்கு பக்கத்தில் விதிகள் எழுதினார். கைகாக்ஸ் அதை விரித்து எழுத, 1971-ல் 'செயின்மெயில்' என்ற புத்தகம் வந்தது. இடைக்காலப் போருக்கான விதிகள். ஒரு பொம்மை இருபது வீரர்களுக்குச் சமம் என்பது அதன் அடிப்படைக் கணக்கு.

புத்தகத்தின் கடைசிப் பகுதியில் கைகாக்ஸ் ஒரு காரியம் செய்திருந்தார். மந்திரவாதி, பூதம், டிராகன் எல்லாம் போர்க்களத்துக்கு வந்தால் என்ன நடக்கும் என்று விதிகள் சேர்த்திருந்தார். வரலாற்றுப் போர் மட்டுமே ஆடியவர்களில் சிலர் முகம் சுளித்தார்கள். ஆனால், ஆடிப் பார்த்தவர்கள் விடவில்லை.

இந்தக் காலத்தில் கைகாக்ஸ் வீட்டு நிலைமை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. சிகாகோவில் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பார்த்துக்கொண்டிருந்த வேலை 1970-ல் போய்விட்டது. ஐந்து குழந்தைகள். செருப்பு, ஷூ தைக்கும் வேலையை வீட்டு நிலவறையிலேயே செய்தார். அதே நிலவறையில்தான் மணல் பரப்பிய பெரிய விளையாட்டு மேஜையும் இருந்தது.

டிராகனுக்கும் பூதத்துக்கும் விதி எழுதியாகிவிட்டது. பொம்மைக்கு எங்கே போவது? கடைகளில் போர்வீரர்கள் கிடைத்தார்கள். டிராகன் கிடைக்கவில்லை. அப்படியொரு பொம்மைக்கு அப்போது சந்தையே கிடையாது. காசு கொடுத்துச் செய்யச் சொல்லும் நிலையில் அவரும் இல்லை.

ஆகவே, மலிவு விலைக் கடைகளுக்குப் போனார். முதுகில் தட்டுத் தட்டாகச் செதில் வைத்த 'ஸ்டெகோசாரஸ்' டைனோசர் பொம்மை ஒன்றை எடுத்து, வெட்டி ஒட்டி இறக்கை வைத்து டிராகனாக்கினார். அளவில் பெரிய மனித பொம்மைகள் அரக்கர்கள் ஆயின. அப்படிக் கடை கடையாகத் தேடியபோது கண்ணில் பட்டதுதான் அந்தப் பூதப் பை.

துருப்பிடிக்க வைக்கும் பூதம்

பையில் இருந்தவற்றுக்குப் பெயர் கிடையாது. குணம் கிடையாது. அதுவே வசதியாகப் போயிற்று.

வாலில் காற்றாடி வைத்த உருவத்துக்கு கைகாக்ஸ் கொடுத்த குணம் கொஞ்சம் குறும்பானது. அது கடிக்காது, கொல்லாது. அதன் உணர்கொம்பு பட்டால் இரும்பு துருப்பிடித்து உதிர்ந்துவிடும். அதைத்தான் அது தின்னும். பல வாரம் ஆடிச் சேர்த்த கவசமும் வாளும் ஒரு நொடியில் செம்பொடி! சிங்கத்துக்கும் டிராகனுக்கும் அஞ்சாத வீரன், இந்தப் பூச்சியைப் பார்த்தால் ஓட்டம் எடுப்பான். 'ரஸ்ட் மான்ஸ்டர்' பிறந்த கதை இது.

அலகு வைத்த கரடி, 'அவுல்பேர்' ஆனது. ஆந்தைத் தலையும் கரடி உடம்பும் கொண்ட மூர்க்கமான மிருகம். இந்த இரண்டும் 1975-ல் வந்த 'கிரேஹாக்' என்ற துணைப் புத்தகத்தில் இடம்பிடித்தன.

மூன்றாவது உருவத்தின் கதையைச் சொன்னவர் டிம் காஸ்க். கைகாக்ஸின் நிறுவனத்தில் சேர்ந்த முதல் முழுநேர ஊழியர். 'தி டிராகன்' பத்திரிகையின் ஆசிரியர். பையிலிருந்த அந்த ஓட்டுச் சுறாவை அவரிடம் கொடுத்து, இது என்ன மிருகம், என்ன செய்யும் என்று நீயே முடிவு செய் என்றார் கைகாக்ஸ். காஸ்க் அதை மண்ணுக்கடியில் நீந்தி வந்து திடீரென்று மேலே பாயும் நிலச் சுறாவாக்கினார். குள்ள மனிதர்களும் அவர்களுடைய மட்டக்குதிரைகளும் அதற்கு விருப்பமான உணவு என்று நகைச்சுவையையும் சேர்த்தார். 'புலெட்' என்ற பெயரில் 1976 ஜூனில் வந்த 'தி டிராகன்' முதல் இதழிலேயே அது அறிமுகமானது.

இந்தப் பொம்மைகளின் மூலம் எது? ஜப்பானில் 1966-ல் தொடங்கிய 'அல்ட்ராமேன்' தொலைக்காட்சித் தொடரின் பூதங்களைப் பார்த்து யாரோ ஒரு பொம்மைத் தொழிற்சாலைக்காரர் அரைகுறையாகக் காப்பியடித்திருக்கலாம் என்று ரசிகர்கள் கருதுகிறார்கள். அப்படியென்றால், ஜப்பானிய டிவியில் தோன்றி, மலிவு பிளாஸ்டிக்காகி, அமெரிக்க ஷூ தைப்பவரின் நிலவறையில் மறுபிறவி எடுத்தவை இவை.

இதற்குள் மினியாபொலிஸ் பகுதியைச் சேர்ந்த டேவ் ஆர்னசன் இன்னொரு பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்திருந்தார். ஆயிரம் பேர் கொண்ட படையை நகர்த்துவதற்குப் பதில், ஒருவருக்கு ஒரே ஒரு பாத்திரம். அந்தப் பாத்திரமாகவே ஒவ்வொருவரும் கோட்டைக்கு அடியில் உள்ள இருட்டுச் சுரங்கங்களில் இறங்க வேண்டும். மேஜைமேல் அவர் வைத்திருந்ததும் ஒரு பிளாஸ்டிக் கோட்டை மாடல்தான். இருவர் யோசனையும் சேர்ந்து, 1974-ல் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' வந்தது. நிறுவனம் தொடங்க கைகாக்ஸின் பால்ய நண்பர் டான் கே தன் ஆயுள் காப்பீட்டின்மேல் ஆயிரம் டாலர் கடன் வாங்கினார். முதல் பதிப்பு 1,000 பெட்டிகள். கையாலேயே அடுக்கி ஒட்டினார்கள். விலை 10 டாலர். ஓராண்டுக்குள் விற்றுத் தீர்ந்தன.

டான் கே அந்த வெற்றி பெரிதாக வளர்வதைப் பார்க்கவில்லை. 1975 ஜனவரியில், 36 வயதில் இறந்துபோனார். கைகாக்ஸ் 2008-லும், ஆர்னசன் 2009-லும் மறைந்தார்கள். பூதங்கள் மட்டும் இன்னும் இளமையாக இருக்கின்றன. 2023-ல் வந்த 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஹாலிவுட் படத்தில் நாயகிகளில் ஒருத்தி அவுல்பேராக உருமாறிச் சண்டை போடுவாள். அதே ஆண்டு வந்த 'பால்டர்ஸ் கேட் 3' வீடியோ கேமில் அவுல்பேர் குட்டி ஒன்றைப் பலரும் செல்லமாக வளர்த்தார்கள்.

மலிவு பொம்மைக்கு மறுபடி மவுசு

அடுத்து வந்த ஆண்டுகளில் பூதப் பொம்மைகளுக்கென்றே பெரிய தொழில் உருவானது. முதலில் உலோகம், பிறகு நுணுக்கமான பிளாஸ்டிக், ரெசின். பார்க்க அழகு. விலையும் அதற்கேற்ப. இன்று நல்ல பிராண்டில் ஒரு படை சேர்க்க வேண்டுமென்றால் ஒரு ஸ்மார்ட்போன் வாங்கும் காசு ஆகிவிடும். ஆர்வம் இருந்தும் விலையைப் பார்த்து ஒதுங்கிப்போகும் பிள்ளைகள் உண்டு.

அதனால்தான் அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் ஒரு கூட்டம் பழைய வழிக்கே திரும்பியிருக்கிறது. பழைய சாமான் சந்தை, வீட்டு வாசலில் நடக்கும் பழைய பொருள் விற்பனை, பரணில் கிடக்கும் பெட்டி என்று தேடித் தேடி மலிவு பிளாஸ்டிக் வீரர்களைச் சேர்க்கிறார்கள். ஏர்ஃபிக்ஸின் ராபின் ஹூட் ஆட்கள் காட்டுக் கொள்ளையராகிறார்கள். பண்டைய பிரிட்டானியர்கள் காட்டுமிராண்டிக் கூட்டமாகிறார்கள். அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனம் செய்த தகரக் கோட்டையும் குதிரை வீரர்களும் மறுபடி மேஜைக்கு வருகின்றன.

1989-ல் வந்த 'ஹீரோக்வெஸ்ட்' விளையாட்டுப் பெட்டியும் இந்தத் தேடலில் ஒரு புதையல். ஆர்க், எலும்புக்கூடு, மம்மி, நான்கு நாயகர்கள் என்று ஒரே பெட்டியில் ஒரு சுரங்கத்துக்கு வேண்டிய எல்லாம் இருக்கும். 1992-ல் வந்த 'பேட்டில் மாஸ்டர்ஸ்' பெட்டியில் நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள். தரையில் விரிக்கப் பெரிய விரிப்பும் உண்டு.

இங்கே ஒரு சூட்சுமம் இருக்கிறது. முழுமையான, பெட்டி கசங்காத செட்டுகளைச் சேகரிப்பாளர்கள் நல்ல விலை கொடுத்து வாங்குவார்கள். ஈட்டி உடைந்தவன், அடிப்பலகை இல்லாதவன், யாரோ ஒரு சிறுவன் 30 வருஷத்துக்கு முன் நெயில் பாலிஷ் பூசிவிட்டவன்... இவர்களை யாரும் சீண்டுவதில்லை. விளையாட்டுக்காரர்களுக்கு அவர்கள்தான் வேண்டும். கை உடைந்தவனுக்குக் கேடயம் கட்டிவிடலாம். தலை போனவனுக்கு எலும்புக்கூட்டின் தலையை வைத்தால் புதிய பூதம் ரெடி!

அளவு சேரவில்லையா? அதுவே பலம்!

பல கம்பெனிப் பொம்மைகளைக் கலக்கும்போது முதலில் இடிப்பது உயரம். கணக்கு எளிது. ஏர்ஃபிக்ஸ் வகைச் சிறிய வீரர்கள் 1:72 அளவு. ஆறடி மனிதன் அந்த அளவில் சுமார் 25 மில்லிமீட்டர். 'பழைய பெரிய சிப்பாய்' என்று சொல்லப்படும் வகை 54 மில்லிமீட்டர்.

இரண்டையும் பக்கத்தில் நிறுத்தினால் பொருந்தாது என்று நினைக்கத் தோன்றும். பெருக்கிப் பாருங்கள்: 54 மில்லிமீட்டரை 72-ஆல் பெருக்கினால் கிட்டத்தட்ட 3.9 மீட்டர். அதாவது, சின்ன வீரர்களின் உலகில் அந்தப் பொம்மை 13 அடி அரக்கன்! கைகாக்ஸ் பெரிய பொம்மைகளை அரக்கர்களாக்கியதும் இந்தக் கணக்கில்தான். அதுபோல, ஹீரோக்வெஸ்ட் காலத்து 28 மில்லிமீட்டர் ஆர்க், 1:72 மனிதனுக்குப் பக்கத்தில் ஆறரை அடி உயரத்தில் கொழுத்து நிற்பான். ஆர்க் என்றால் அப்படித்தானே இருக்க வேண்டும்!

பிளாஸ்டிக் சிலந்தி, பல்லி, தேள் பொம்மைகளும் இதே கணக்கில் ராட்சத ஜந்துக்கள் ஆகிவிடும். மீன் தொட்டிக்குப் போடும் பிளாஸ்டிக் செடி, மந்திரக் காடு.

பழைய வீரர்களுக்கு உயிர் கொடுப்பது எப்படி?

1. முதலில் குளியல்: பாத்திரம் தேய்க்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, பழைய டூத்பிரஷால் தேய்க்க வேண்டும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப் பசையும், பல வருட அழுக்கும் போனால்தான் பெயின்ட் ஒட்டும்.

2. நாடி பார்த்தல்: பழைய மிருதுவான பிளாஸ்டிக் வெயிலும் காற்றும் பட்டு உள்ளுக்குள் கெட்டிருக்கும். வெளியே பளபளப்பாக இருந்தாலும் கையில் எடுத்தால் ஈட்டி பொடியாகும். ஓரத்தில் லேசாக வளைத்துப் பாருங்கள். வளைந்தால் பிழைக்கும். 'படக்'கென்று ஒடிந்தால் அந்த வீரனை இறந்து கிடப்பவனாக மேஜையில் படுக்க வைக்கலாம்.

3. கோணல் நிமிர்த்துதல்: வளைந்த வாள், ஈட்டியைச் சூடான தண்ணீரில் சில நொடிகள் காட்டி, நேராக்கி, உடனே குளிர்ந்த தண்ணீரில் முக்க வேண்டும். பழைய வளைவுக்கே திரும்பினால் இரண்டு மூன்று முறை செய்யலாம். இது பெரியவர்கள் செய்ய வேண்டிய வேலை.

4. ஒட்டுதல்: ஏர்ஃபிக்ஸ் சிப்பாய் போன்ற மிருதுவான பாலித்தீன் வகையில் எந்தப் பசையும் சரியாக நிற்காது. குண்டூசியை வெட்டி, ஒரு முனையை உடம்பிலும் மறு முனையை உடைந்த பாகத்திலும் செருகி இணைப்பதே உறுதி. ஹீரோக்வெஸ்ட் போன்ற கெட்டியான பிளாஸ்டிக்குக்கு மாடல் செய்பவர்களின் பிளாஸ்டிக் பசை, சூப்பர் குளூ போதும். இறக்கை, கொம்பு, தாடி சேர்க்க எம்-சீல் மாதிரியான மாவுப் பசை கைகொடுக்கும்.

5. அடித்தளப் பூச்சு: மிருதுவான பொம்மைமேல் நேரடியாகப் பூசிய பெயின்ட் வளையும்போது செதில் செதிலாக உதிரும். அந்தக் காலத்து விளையாட்டுக்காரர்கள் கண்டுபிடித்த தீர்வு, தண்ணீர் கலந்த வெள்ளைப் பசை. ஃபெவிகால் வகைப் பசையை மெலிதாகப் பூசிக் காயவிட்டால், பொம்மையோடு சேர்ந்து வளையும் ஒரு தோல் கிடைக்கும். அதன்மேல் அக்ரிலிக் வண்ணம், கடைசியில் மீண்டும் ஒரு பசைப் பூச்சு அல்லது வார்னிஷ்.

6. நிழல் கொடுத்தல்: கறுப்பும் பழுப்பும் கலந்த தண்ணீர்ப் பெயின்டை மேலே ஓடவிட்டால், அது பள்ளங்களில் தேங்கி மடிப்பு, சுருக்கம் எல்லாவற்றையும் எடுத்துக் காட்டும். பிறகு மேடான இடங்களில் மட்டும் வெளிர் நிறத்தை உலர்ந்த பிரஷால் லேசாகத் தேய்க்க வேண்டும். வேறு வேறு கம்பெனிப் பொம்மைகளும் இதில் ஒரே குடும்பமாகிவிடும்.

7. காலுக்குக் கனம்: பிளாஸ்டிக் சிப்பாய் லேசானவன். மின்விசிறி போட்டாலே சாய்வான். ஹார்டுவேர் கடை வாஷரில் ஒட்டி, மேலே பசை தடவி மணல் தூவினால் நிலமும் ஆச்சு, கனமும் ஆச்சு. எல்லா வீரர்களுக்கும் ஒரே மாதிரி அடிப்பலகை இருந்தால் கலவைப் படையும் ஒரே படையாகத் தெரியும்.

ஓர் எச்சரிக்கை. பழைய சந்தையில் பிளாஸ்டிக்கோடு உலோகச் சிப்பாய்களும் கலந்து கிடைக்கும். அவற்றில் ஈயம் இருக்கும்; பழைய பொம்மைகளின் பெயின்டிலும் இருக்கலாம். உப்புத்தாளால் தேய்க்கக் கூடாது. சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்கவும் கூடாது. மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகள் இருக்கும் வீட்டில் சிறிய பொம்மைகளை எட்டாத உயரத்தில் வையுங்கள்.

எந்தப் பொம்மையும் ஆடலாம்

'எங்கள் கம்பெனிப் பொம்மைதான் வேண்டும்' என்று கேட்காத விதிப் புத்தகங்களும் வந்துவிட்டன. டேனியல் மெர்சி எழுதிய 'லயன் ராம்பன்ட்' (2014) இடைக்காலப் போருக்கும், 'டிராகன் ராம்பன்ட்' (2015) மாயாஜாலப் போருக்கும் பிரபலம். இரண்டாவதில், ஒரு படைப்பிரிவின் பலத்தைப் பன்னிரண்டு வீரர்களாகவும் காட்டலாம். ஒரே ஒரு பெரிய பூதமாகவும் காட்டலாம். கையில் இருக்கும் பொம்மைதான் படை.

முதல்முறை ஆடிப் பார்க்கப் புத்தகம்கூட வேண்டாம். மேஜை நடுவே நீலத் துணியை ஆறாகப் போட்டு, ஒரு பாலம் வையுங்கள். இரு பக்கமும் பத்துப் பேர். ஒரு பக்கத்தில் மட்டும் கூடுதலாக ஒரு பூதம். எதிர்ப்பக்கத்துக்கு அதற்கு ஈடாக நான்கு வில்லாளிகள். ஒரு முறைக்கு ஒருவர் ஒரு சாண் நகரலாம். இருவர் மோதினால் ஆளுக்கொரு பகடை. பெரிய எண் போட்டவர் ஜெயித்தார். பூதம் இரண்டு பகடை உருட்டி அதில் பெரியதை எடுத்துக்கொள்ளும். வில்லாளி இரண்டு சாண் தூரம்வரை எய்யலாம். பகடையில் ஆறு விழுந்தால் அம்பு பட்டது. பூதம் சாக மூன்று முறை தோற்க வேண்டும். பாலத்தைத் தாண்டி அதிகம் பேரைக் கொண்டுபோனவர் வெற்றி பெற்றவர்.

அரை மணி நேரத்தில் ஆட்டம் முடியும். இரண்டாவது ஆட்டத்துக்குள் யாராவது ஒருவர் "பூதத்துக்குத் தண்ணீர் என்றால் பயம்" என்று புது விதி சொல்வார். சொல்லட்டும். லேக் ஜெனிவா நிலவறையிலும் அப்படித்தான் ஒவ்வொரு விதியாகச் சேர்ந்தது.

கைகாக்ஸ் புதிய விளையாட்டை உருவாக்கியபோது அதை முதலில் ஆடிப் பார்த்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர். அவருடைய மகன் எர்னியும் மகள் எலிஸும்தான். அப்பாவுக்கு நிரந்தர வேலை இல்லாத காலம் அது. அப்பா கதை சொல்ல, பிள்ளைகள் இருட்டுச் சுரங்கத்துக்குள் அடி எடுத்துவைத்தார்கள்.

அந்தப் பையில் வந்த பெயரில்லாத மிருகங்களைப் போன்ற பழைய பொம்மைகளை இன்று சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். அன்று அவை சில சென்ட்டுகளுக்குக் கிடைத்தன, யாரும் மதிக்கவில்லை. உங்கள் வீட்டுப் பரணிலும் மூன்று கால் குதிரை ஒன்று, தலையில்லாத ராஜா ஒருவர், எந்த மிருகம் என்றே தெரியாத ரப்பர் பொம்மை ஒன்று இருக்கலாம். தூக்கிப் போடுவதற்கு முன் வீட்டுப் பிள்ளைகளிடம் காட்டி, 'இது என்ன செய்யும்?' என்று கேட்டுப் பாருங்கள்.